முகாமை மூடிட்டாங்க, ஆளுங்க எங்க? கணக்கு வச்சிருக்கவங்க யாராவது இருக்கீங்களா?

கொழுந்துமலை
ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கையில பதுளை மாவட்டத்துல ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்துப் பேர் வேணாம், ஏன்னு பின்னால சொல்றேன்.

2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் அடிச்சப்ப எங்க மேல் டிவிசன்ல ரெண்டு லயத்துக்கு (தொழிலாளிங்க குடியிருக்குற வரிசை வீடு) பின்னால மலை வெடிச்சிருச்சு. மண்ணு குசினிச் செவரு வரைக்கும் வந்து நின்னுச்சு. உசிர்ச்சேதம் இல்ல, அம்மன் புண்ணியம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க வந்து பார்த்துட்டு, சுத்தி இருக்குற லயங்களையும் சேர்த்து, இனி இங்க குடியிருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க.

நானும் இன்னும் மூணு பொடியன்களும் ஒரு சீ.ஆர். கொப்பியில (பெரிய நோட்டு) பேர் எழுத ஆரம்பிச்சோம். பெரிய நோக்கம் ஒன்னும் கெடையாது. சோத்துப் பார்சல் எத்தனைன்னு தெரியணும், அவ்வளவுதான். மொத நாள் கணக்கு 63 குடும்பம், 241 பேர்.

பெறகு பள்ளிக்கூடம் தொடங்கணும்னு முகாமை மூடிட்டாங்க. புள்ளைங்க படிக்கணும், அதுல குத்தம் சொல்ல முடியாது. ஆனா அடுத்த நாள் மாவட்ட அனர்த்த அட்டவணையில எங்க பகுதிக்கு நேரா பார்த்தா: பாதுகாப்பு நிலையம் 0, குடும்பம் 0, ஆட்கள் 0.

கொப்பிய எடுத்துட்டு வீடு வீடா நடந்தேன். 63ல 19 குடும்பம் போகாதேன்னு சொன்ன அதே காம்பராவுக்கே (லயத்து அறைக்கே) திரும்பிப் போயிருக்கு. 22 குடும்பம் கீழ் டிவிசன்ல சொந்தக்காரங்க காம்பராவுல. ஒரு காம்பராவுல பதினோரு பேர் படுக்குறாங்க. 8 குடும்பம் மூடிக் கெடக்குற பழைய ஸ்டோர்ல. 5 குடும்பம் டவுன்ல வாடகைக்கு. 6 குடும்பம் மாவட்டத்த விட்டே போயிருச்சு. மிச்சம் 3 குடும்பம் எங்கன்னு யாருக்கும் தெரியல.

சைபர்னு போட்ட எடத்துல இத்தனை பேர் இருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு வீடு கட்டிக் குடுக்குறப்ப "உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே"ன்னு சொன்னா நான் எதைக் காட்டுறது? இடம்பெயர்ந்தவங்கள தொடர்ந்து கணக்குல வச்சிருக்க ஒழுங்கான முறை ஏதாவது இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ஹட்டன் பொடியன்
ஞாயிறு, இரவு 9.41

அண்ணே, கூகுள் ஷீட்ல ஏத்தி லிங்க்கை ஓப்பனா விட்டுருங்க. ஆளாளுக்கு அப்டேட் பண்ணுவாங்க. ரொம்ப ஈசி.


ஓய்வு ஜீ.எஸ்.
ஞாயிறு, இரவு 10.25

தம்பி கொழுந்துமலை, நான் இருபத்தெட்டு வருடம் கிராம உத்தியோகத்தராக இருந்தவன். அந்த அட்டவணை எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன்.

மழை கொட்டும் இரவில் பிரதேச செயலகத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வரும். எத்தனை குடும்பம், எத்தனை பேர், எத்தனை வீடு முழுச் சேதம், எத்தனை பகுதிச் சேதம், எத்தனை பேர் பாதுகாப்பு நிலையத்தில் என்று கேட்பார்கள். நாங்கள் வாயால் சொல்வோம். அவர்கள் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கொழும்பில் உள்ள அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குப் போகும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நிலையம் அது. அட்டவணையின் கடைசி மூன்று கட்டங்களும் அன்றைக்கு நிலையத்தில் தங்கியிருப்பவர்களைப் பற்றியவை மட்டும்தான். உலர் உணவு எத்தனை மூட்டை அனுப்புவது என்பதற்காகப் போட்ட கணக்கு அது. பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லையென்றால் சைபர்தான் வரும். நீங்கள் கேட்கும் கேள்விக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

இன்னொன்று. 63 குடும்பம் என்கிறீர்கள். குடும்பம் என்றால் எது? அப்பா, அம்மா, கல்யாணமான மூத்த மகன், அவன் பெண்சாதி, இரண்டு பிள்ளைகள், எல்லாரும் ஒரே காம்பரா. அடுப்பு இரண்டு. என் பதிவில் அது ஒரு வீட்டுக்காரர். நிவாரணம் வந்த அன்று இரண்டு குடும்பம் என்பார்கள். பொய்யில்லை, உலை இரண்டுதானே. ஆனால் பழைய பதிவில் ஒன்று, புதிய பட்டியலில் இரண்டு என்று வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "தோட்டத்து ஆட்கள் கூட்டிச் சொல்கிறார்கள்" என்பார். பல தடவை காதால் கேட்டிருக்கிறேன்.

லயத்துக்குத் தனி விலாசம் இல்லாததும் ஒரு தலையிடி. எல்லாருக்கும் தோட்டத்தின் பெயர்தான் விலாசம். கடிதம் ஆபீசுக்கு வரும். ஆள் லயத்தை விட்டுப் போனாலும் தாளில் அதே தோட்டத்தில்தான் இருப்பார். என் பிரிவில் மூன்று தோட்டம், ஒரு கிராமம். கிராமத்தில் யார் வீட்டில் யார் என்று முகம் பார்த்துச் சொல்வேன். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையைக் கேட்டுத்தான் எழுதினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை.


தரவுப்பூச்சி
திங்கள், காலை 7.50

ஐயா சொன்ன "கட்டமே கிடையாது" நம்ம நாட்டுக்கு மட்டும் உரிய குறை இல்லை. கொழும்பில் இந்தத் துறையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

இடம்பெயர்வை இரண்டு விதமாக எண்ணுவார்கள். ஒரு வருடத்தில் எத்தனை தடவை ஆட்கள் இடம் விட்டு ஓடினார்கள் என்பது ஒரு கணக்கு. வருடக் கடைசியில் இன்னும் எத்தனை பேர் வீடு திரும்பாமல் இருக்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. ஜெனீவாவில் உள்ள உள்ளக இடப்பெயர்வுக் கண்காணிப்பு நிலையம் இரண்டையும் ஆண்டுதோறும் வெளியிடும். 2024ல் இயற்கை அனர்த்தங்களால் உலகம் முழுக்க 4 கோடி 58 லட்சம் தடவை ஆட்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே வருடக் கடைசியில் அனர்த்தத்தால் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்கள் 98 லட்சம். போர், வன்முறையால் ஓடி இன்னும் திரும்பாதவர்கள் 7 கோடி 35 லட்சம்.

இதை எப்படி வாசிப்பது? மூன்று இரவு மழைக்குப் பயந்து மூன்று தடவை பள்ளிக்கூடத்துக்கு ஓடிய ஒரே ஆள், முதல் கணக்கில் மூன்று. விடிந்ததும் வீட்டுக்குப் போனால் இரண்டாம் கணக்கில் ஒன்றுமில்லை. ஆகவே வித்தியாசம் பெரிதாக இருப்பது இயல்பு. ஆனால் அந்த 98 லட்சத்தில் ஒளிந்திருக்கும் விசயம் வேறு. வெள்ளம் வடிந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, எண்ணுகிற ஆள் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு எண்ணப்படாதவர்கள் அதில் இல்லை. கொழுந்துமலையின் 22 குடும்பமும் அப்படி விடுபடுகிற ஆட்கள்தான்.

தொடர்ந்து கண்காணிக்க ஒரு முறை இருக்கிறது. சர்வதேச புலம்பெயர்வு நிறுவனம் 2004ல் ஈராக்கில் தொடங்கியது. ஆங்கில எழுத்தில் டி.டி.எம். என்பார்கள். ஒவ்வொரு சின்ன நிர்வாகப் பகுதியிலும் விசயம் தெரிந்த இரண்டு மூன்று பேரைப் பிடித்து, "உங்கள் பகுதியில் வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் எத்தனை, எங்கிருந்து வந்தார்கள், யார் வீட்டில், என்ன தேவை" என்று குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். முகாமில் இருப்பவரையும் சொந்தக்காரர் வீட்டில் இருப்பவரையும் சேர்த்தே கேட்பதுதான் அதில் முக்கியம். நீங்கள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்தீர்களே, அதே வேலைதான். அவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

சிம் அட்டையை வைத்தும் செய்திருக்கிறார்கள். 2010 ஹெய்ட்டி பூகம்பத்துக்குப் பிறகு கைபேசிக் கோபுரத் தரவைப் பார்த்து, தலைநகரை விட்டுச் சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் பேர் வெளியேறினார்கள் என்று மதிப்பிட்டார்கள். அங்கே அது உதவியது. நம்ம லயத்துக்கு அதைப் பொருத்தினால் சிரிப்புத்தான் வரும். வீட்டுக்கு ஒரு போன், சிம் கொழும்புப் பக்கம் வத்தளையில் வேலை பார்க்கும் மகன் பெயரில், புயல் அன்று கரண்டும் இல்லை கோபுரமும் இல்லை.


சும்மா சொல்றேன்
திங்கள், மதியம் 12.15

எண்ணி எண்ணி என்னத்த கிழிச்சோம்? காலையில வேலைக்கு ஆள் கூடுற பிரட்டுல எண்ணுறான், நிறுக்குற மடுவத்துல கொழுந்த எண்ணுறான், எலெக்சனுக்கு எண்ணுறான். இப்ப மண்ணு விழுந்ததையும் எண்ணணுமாம். கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்துல 2005லயும் 2011லயும் எழும்பிப் போகணும்னு சொன்னாங்க. எத்தனை குடும்பம்னு தெரியாமலா விட்டாங்க? எண்ணிக்கை தெரியும், போறதுக்கு எடம் குடுக்கல. 2014 அக்டோபர் 29 காலையில மலை வந்திருச்சு. ஏழு பேர்ச் காணிய பாதுகாப்பான எடத்துல குடுங்க, ஒரு கொப்பியும் வேணாம்.


ஓய்வு ஜீ.எஸ்.
திங்கள், மாலை 6.30

தம்பி "சும்மா", உங்கள் கோபம் நியாயம். ஆனால் மீரியபெத்தையை எடுத்துக்கொண்டதால் சொல்கிறேன், அந்த இடத்தில் எண்ணிக்கையும் பெரிய கூத்தாகத்தான் போனது. முதல் நாட்களில் காணாமல் போனவர்கள் நூறு, இருநூறு என்று உலகம் முழுக்கச் செய்தி. பிறகு குறைந்து குறைந்து இறந்தவரும் காணாமல் போனவரும் சேர்ந்து நாற்பதுக்குள் வந்து நின்றது. ஏன்? லயத்தில் எத்தனை பேர் பதிவு என்பதுதான் கையில் இருந்தது. அன்று காலை யார் மலைக்கு வேலைக்குப் போனார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில், யார் கொழும்பில் கடையில் நிற்கிறார் என்பது எந்தப் பதிவிலும் இல்லை. பதிவில் இருந்தவரெல்லாம் மண்ணுக்குள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தப்பிப் பிழைத்தவர்கள் முதலில் பள்ளிக்கூடங்களில், பிறகு மாக்கந்தையில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டு வருடம் அளவில் இருந்தார்கள். 2016ல்தான் 75 வீடுகள் கிடைத்தன. அந்த இரண்டு வருடத்தில் பிறந்த பிள்ளை, கட்டிக்கொண்டு போன பெண், செத்துப்போன கிழவர் எல்லாம் யார் கணக்கில்? வீடு பிரிக்கும் அன்று இந்தக் கேள்விகள்தான் சண்டையாகின்றன. இது எந்த ஊரிலும் நடக்கும்.


கொழுந்துமலை
திங்கள், இரவு 8.05

ஐயா, அந்த 75 வீடு கட்டுனது மாகல்தெனியவுலன்னு நெனைக்கிறேன். பூணாகலைப் பக்கம்.


ஓய்வு ஜீ.எஸ்.
திங்கள், இரவு 8.20

ஆம், மாகல்தெனிய. வயது போய்விட்டது, எழுத மறந்துவிட்டேன்.


பாரதிபுரத்து அக்கா
திங்கள், இரவு 10.50

நான் கிளிநொச்சி. ஆனா எங்கட வேர் மாத்தளைப் பக்கம். 77 கலவரத்தில அப்பா குடும்பத்தோட வவுனியாவுக்கு ஓடி வந்தவர். அப்ப காந்தியம் இயக்கம்தான் தோட்டத்து ஆக்களை வன்னியில குடியேத்தினது. அந்த இயக்கத்துத் தலைவர்களை 83 ஏப்ரலில பிடிச்சு உள்ள போட்டாங்கள். எனக்கு அதெல்லாம் அம்மா சொல்லித்தான் தெரியும்.

இந்த இழையை வாசிக்க எனக்கு ரெண்டு நினைப்பு வந்தது, ரெண்டும் ஒன்டுக்கொன்டு எதிர்.

முதலாவது. எண்ணிக்கை சும்மா இல்லை, சோறு. 2009 தொடக்கத்தில சண்டை நடந்த வன்னியில 70 ஆயிரம் பேர்தான் இருக்கினம் எண்டு அரசாங்கம் சொல்லிச்சு. சாப்பாடும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான். முடிவில வெளிய வந்தது இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல. நாங்கள் அந்த வித்தியாசத்துக்குள்ள இருந்தனாங்கள். தம்பி "சும்மா", எண்ணினா என்ன எண்ணாட்டி என்ன எண்டு என்னட்டக் கேக்காதேங்கோ.

இரண்டாவது. பட்டியல் எண்டாலே எனக்கு வயிறு கலங்கும். 83 யூலைக் கலவரத்தில கொழும்பில வாக்காளர் இடாப்பைக் கையில வச்சுக்கொண்டுதான் எது தமிழ் வீடு எண்டு தேடி வந்தவங்கள். ஹட்டன் தம்பி லிங்க்கை ஓப்பனா விடச் சொல்லுறார். தயவுசெய்து அப்பிடிச் செய்யாதேங்கோ. பேர், ஆக்கள் எத்தனை, எந்த அறையில படுக்கினம், எந்த வீட்டில ஆம்பிளை இல்லை, எல்லாம் அந்தக் கொப்பியில இருக்கும்.

சண்டை முடிய அடைச்சு வச்ச மெனிக் பாம் முகாமில என்னைப் பதிஞ்ச படிவத்தில "சொந்த இடம்" எண்டு ஒரு கட்டம் இருந்தது. ஒரே ஒரு கட்டம். மாத்தளை எழுதுறதா, வவுனியா எழுதுறதா, கிளிநொச்சி எழுதுறதா? கிளிநொச்சி எண்டு எழுதினன். அங்க போனா காணிக்கு அனுமதிப்பத்திரம் இல்லை எண்டாங்கள். 2012 செப்டெம்பரில அந்த முகாமை மூடினாங்கள். உலகத்துக்கு அதோட கதை முடிஞ்சுது. எங்களுக்குக் காணிக் கதை அதுக்குப் பிறகுதான் தொடங்கினது. ஒருத்தர் எத்தனை தரம் இடம்பெயர்ந்தவர் எண்டு எழுதக் கொப்பியில இடம் வையுங்கோ தம்பி.


கோத்தகிரி பேரன்
செவ்வாய், காலை 6.40

நீலகிரியில இருந்து எழுதுறேன். எங்க தாத்தா தலவாக்கலையில இருந்து பாஸ்போர்ட்டோட அனுப்பப்பட்டவர். இங்க எங்களை இன்னும் சிலோன்காரங்கன்னுதான் சொல்வாங்க. தாயகம் திரும்பியோர்னு அரசாங்கப் பேர். டான்டீ, அதான் தமிழ்நாடு அரசாங்கத் தேயிலைத் தோட்டம், 1968ல வந்ததே எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை கொடுக்கத்தான். மலையில இறங்கி இன்னொரு மலையில ஏறினோம்.

நம்ம ஆளுங்களை யாரும் கணக்குல வைக்கலைன்னு சொல்றது எனக்குச் சரியாப் படலை. நம்மளை மாதிரி எண்ணப்பட்ட சனம் கிடையாது. 1900களோட ஆரம்பத்துல இலங்கைக்குக் கூட்டிட்டுப் போனப்ப ஆளுக்கு ஒரு தகர வில்லை கழுத்துல மாட்டி விட்டாங்க. அதுல எந்த மாவட்டம், எந்த தோட்டம்னு நம்பர் பொறிச்சிருக்கும். ஆள் வழியில காணாமப் போனா செலவு யார் தலையில எழுதுறதுன்னு தெரியணும்ல!

1964 அக்டோபர்ல இந்திய, இலங்கைப் பிரதமர் ரெண்டு பேரும் உக்காந்து நம்ம ஆளுங்க 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டாங்க. 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க. பத்து வருசம் கழிச்சு 1974ல அதையும் பாதிப் பாதியா 75 ஆயிரம்னு வெட்டினாங்க. எண்ணிக்கை சுத்தமா இருந்துச்சு. பங்கு போடுறதுக்கு முன்னால போறியா இருக்கியான்னு மட்டும் யாரும் ஆளைக் கேக்கலை. எங்க பெரிய தாத்தா "3 லட்சத்துல", எங்க தாத்தா "5 லட்சத்து 25 ஆயிரத்துல". ரெண்டு பேரும் அதுக்கப்புறம் பார்த்துக்கவே இல்ல.

அதனால கொழுந்துமலை அண்ணே, உங்க கொப்பியில "எங்க போக விரும்புறீங்க"ன்னு ஒரு கேள்வி இருக்கா?


கொழுந்துமலை
செவ்வாய், இரவு 9.30

இல்ல தம்பி, இல்ல. வெக்கமா இருக்கு. சாப்பாட்டுக்காக எழுதுன கொப்பிங்கிறதால வயசு, ஆம்பள பொம்பள, பால்மா குடிக்கிற புள்ள இருக்கா, அவ்வளவுதான் கேட்டோம்.

அக்கா பட்டியலைப் பத்திச் சொன்னதுக்கு இப்ப பதில் சொல்றேன். தோட்டத்துப் பேர் ஏன் சொல்லலன்னா, ஒரு தப்பு ஏற்கெனவே நடந்திருச்சு. எங்க பொடியன் ஒருத்தன் நல்லெண்ணத்துல கொப்பிப் பக்கத்த போட்டோ புடிச்சு பேஸ்புக்ல போட்டுட்டான், வெளிநாட்டுல இருக்கவங்க உதவட்டும்னு. ஐடி நம்பர், போன் நம்பர் எல்லாம் தெளிவாத் தெரியுது. ரெண்டு நாள்ல "நிவாரணக் காசு வந்திருக்கு, போன்ல வர்ற நம்பரச் சொல்லுங்க"ன்னு கோல் வர ஆரம்பிச்சிருச்சு. ஒரு அம்மா சொல்லிட்டாங்க. சீட்டுக் காசு பதினாலாயிரம் போச்சு. படத்த எடுத்தாச்சு, ஆனா யாரு யாரு போன்ல இருக்கோ.

நேத்து அந்த 19 குடும்பத்துல ஒரு தாத்தாகிட்ட கேட்டேன், ஏன் தாத்தா திரும்பிப் போனீங்கன்னு. "தொரை வேலைக்கு வரச் சொல்லிட்டாரு. கீழ இருந்து மேல் மலைக்கு நடக்க ஒரு மணித்தியாலம். மழை வந்தா எறங்கிக்குவோம்"ன்னாரு. இவரு இடம்பெயர்ந்தவரா, வீடு திரும்பியவரா? எந்தக் கட்டத்துல போடுறது?


தரவுப்பூச்சி
செவ்வாய், இரவு 10.15

திரும்பியவர் என்று போடாதீர்கள். 2010ல் ஐ.நா. சார்ந்த அமைப்புகள் ஒரு வழிகாட்டி வைத்திருக்கின்றன. இடம்பெயர்வு எப்போது முடிகிறது என்பதற்கு எட்டு அளவுகோல். பாதுகாப்பு முதலாவது. வாழ்க்கைத் தரம், வேலை, வீடும் காணியும், அடையாள ஆவணம் எல்லாம் அதில் வரும். பழைய கூரைக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டால் முடிந்தது என்று அதில் எங்கும் இல்லை. அந்தத் தாத்தா ஒவ்வொரு மழைக்கும் மறுபடி இடம்பெயர்வார். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, வெளியேறு என்று எச்சரிக்கை வரும். ஆகவே அவருக்கு "ஆபத்தான இடத்தில் இருக்கிறார்" என்று தனிக் கட்டம் வையுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் திகதி எழுதுங்கள். பழைய வரியை அழிக்க வேண்டாம், கீழே புது வரி போடுங்கள். குடும்பத்துக்கு ஒரு வரி போதாது, ஆளுக்கு ஒரு வரி. ஐயா சொன்ன இரண்டு உலைச் சண்டையும் அதில் பாதி தீரும்.

பெயர் ஒரு கொப்பியில், இலக்கம் மட்டும் இன்னொரு கொப்பியில். வெளியே காட்டுவது இரண்டாவதை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் களவு போன பிறகு சட்டத்தைத் தேடுவதை விடக் கொப்பியைப் பெட்டியில் பூட்டுவது லேசு.


மலை டீச்சர்
புதன், பிற்பகல் 3.20

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன், சிம் என்று பேசுகிறீர்கள், எங்கள் அலுமாரியில் இருப்பதை ஒருவரும் கேட்கவில்லையே!

குடும்பம் எங்கே போனாலும் பிள்ளையை எங்காவது ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கத்தான் வேண்டும். சேர்க்க விடுகைப் பத்திரம் வேண்டும். அது எங்களிடம் வந்தால்தான் கிடைக்கும். எந்தப் பாடசாலைக்கு என்று கேட்டு எழுதி வைக்கிறோம். புயலுக்குப் பிறகு எங்கள் பாடசாலையில் ஒன்பது பேர் அப்படிப் போனார்கள். ஒன்பது பேரும் எங்கே என்று எனக்குத் தெரியும். பத்திரம் கேட்காமலே வராமல் நின்ற நான்கு பேர்தான் எனக்குப் பயம். ஒன்பதாம் தரப் பையன் ஒருவன் இப்போது கண்டியில் ஒரு கடையில் நிற்கிறான் என்று கேள்வி.

கர்ப்பிணியும் சின்னப் பிள்ளையும் இருந்தால் மருத்துவிச்சி அம்மாவின் கிளினிக் பதிவு இருக்கும். வேலைக்குப் போகிறவர் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் இருப்பார். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேறொரு கொப்பி. நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆள் அகப்படும்.

அகப்படாதவர் யார் என்றும் தெரியும். வேலை ஓய்ந்த, பள்ளிக்கூடம் போகிற பேரப்பிள்ளை இல்லாத கிழவிகள். ஈ.பீ.எஃப். சேமலாபப் பணத்தை எடுத்து முடித்து, மகள் வீட்டு மூலையில் ஒண்டியிருப்பவர்கள். அவர்களை நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும்.


சும்மா சொல்றேன்
புதன், மாலை 5.00

டீச்சர் சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன்னு சொல்லுங்க. வீடு கழுவுறதுக்கு 25 ஆயிரம் குடுத்தாங்கல்ல, எங்க லயத்துல "வீட்டுச் சொந்தக்காரர் யாரு"ன்னு கேட்டுத்தான் இழுத்தடிச்சாங்க. லயம் கம்பனிக்கு. சேறு எங்களுக்கு. கொப்பியில பேர் இருந்து என்ன?


ஓய்வு ஜீ.எஸ்.
புதன், மாலை 6.10

அதற்கும் கொப்பிதான் தம்பி. சொந்தக்காரர் யார் என்று கேட்டால் உறுதி காட்ட முடியாது. குடியிருந்தவர் யார் என்பதற்குச் சாட்சி காட்டலாம். திகதி போட்டு, அன்றே எழுதி, பாடசாலை அதிபரும் தோட்டத் தலைவரும் கையெழுத்து வைத்த பட்டியலை ஒதுக்கித் தள்ளுவது எந்த உத்தியோகத்தருக்கும் கஷ்டம். நான் அந்த நாற்காலியில் இருந்தவன், சொல்கிறேன். கொழுந்துமலை தம்பி, கையெழுத்து வாங்கினீர்களா?


கொழுந்துமலை
புதன், இரவு 8.45

மொத நாள் பக்கத்துல அதிபர் கையெழுத்து இருக்கு ஐயா. சோத்துப் பார்சல் எண்ணிக்கைக்குப் போட்டது.


ஓய்வு ஜீ.எஸ்.
புதன், இரவு 8.52

போதும். அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணாதீர்கள், மை ஊறிவிடும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். நகல் மூன்று எடுங்கள்.


கொழுந்துமலை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.00

எங்க வரைக்கும் வந்திருக்கோம்னு சொல்றேன்.

சம்பள நாள்ல ஆபீஸ் வாசல்ல மேசை போட்டோம். ஆளுக்கு ஒரு வரி. 241 இப்ப 243, ரெண்டு புள்ள பொறந்திருக்கு. ஒரு பாட்டி தவறிட்டாங்க, அவங்க வரிய அழிக்கல, திகதி மட்டும் போட்டோம். "எங்க போக விரும்புறீங்க"ன்னு கேட்டோம். நான் எல்லாரும் பழைய எடம்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். பாதிக்கு மேல டவுன் பக்கம்னு சொன்னாங்க. பொம்பளைங்க அதிகமா. சின்ன வயசுப் பொடியன்கள் பல பேரு "கொழும்பு"ன்னுட்டுச் சிரிச்சாங்க. கோத்தகிரித் தம்பி, கேட்டது நல்லதாப் போச்சு. பத்திரம் கேக்காம போன நாலு புள்ளையில ரெண்டு பேர டீச்சர் வழியா கண்டுபிடிச்சாச்சு.

அக்கா சொன்ன மாதிரி எத்தனாவது தரம்னு ஒரு கட்டம் வச்சோம். ஒரு தாத்தா நாலுன்னாரு. 58, 77, 83, இப்ப. மொத மூணுக்கும் ஆளுங்க வந்தாங்களாம், இதுக்கு மலை.

தெரியாத மூணு குடும்பத்துல ஒன்னு கெடச்சிருச்சு, எறத்தோட்டைப் பக்கம் மரக்கறித் தோட்டத்துல வேலைக்கு. ஒன்னு நுவரெலியாவுலன்னு சொல்றாங்க, உறுதியில்ல. இன்னொன்னு, அம்மாவும் ரெண்டு பொம்பளப் புள்ளையும், அவங்கதான் இன்னும் தெரியல. போன் நிப்பாட்டி இருக்கு.


வெல்லவாய வாசி
ஞாயிறு, இரவு 11.35

இப்பத்தான் இந்த இழை கண்ணுல பட்டுச்சு. எங்க ஊர்ல கரும்புக் காட்டுப் பக்கம் மார்கழியில ஒரு அம்மா ரெண்டு புள்ளையோட வந்து ஒரு வீட்டுப் பின்பக்கத்துல தங்கி இருக்காங்க. மண்சரிவுல வந்தோம்னு மட்டும் சொன்னாங்க. பெரிய புள்ளைக்குப் பதிமூணு இருக்கும். பேரு வந்து


கொழுந்துமலை
ஞாயிறு, இரவு 11.38

அண்ணே, பேரை இங்க போட்றாதீங்க. உள்பெட்டியில வாங்க. மொதல்ல அவங்ககிட்டயே கேளுங்க, நாங்க தேடுறது அவங்களுக்குச் சம்மதமான்னு.


வெல்லவாய வாசி
ஞாயிறு, இரவு 11.40

சரி. காலையில போய்க் கேட்டுட்டு வர்றேன்.